சாதன மேம்பாட்டு ஆணையத்தில் யாரையும் அடிப்பதில்லை

அங்கே நடப்பதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். வாசலிலேயே பெரிய பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'இங்கு யாரும் தாக்கப்படுவதில்லை. சரிபார்க்கப்படுகிறார்கள்.' பலகையின் கீழ் மூலையில் யாரோ நெற்றியை மோதிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தையும் தினமும் ஈரத் துணியால் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். சும்மா குறை சொல்லக் கூடாது.

காதுக்காரர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனார். அவர் பலகைகளை நம்புகிற மனிதர். தள்ளவும் என்றிருந்தால் தள்ளுவார், இழுக்கவும் என்றிருந்தால் இழுப்பார். கொசு கடித்தால்கூட ஊதித்தான் விரட்டுவார். டயர்க் கடைக்கு மேலே, வீடும் கடையுமான ஒற்றை மாடி அறையில் காது மெஷின் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். அறையின் மூலையில் முன்பக்கம் கண்ணாடி வைத்து, மற்றபடி உள்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டிய ஒரு சின்னக் கூண்டு உண்டு. வருகிறவரை அதில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிசாக 'பீப்' சத்தம் விடுவார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எந்தச் சத்தத்துக்குக் கை எழவில்லையோ அந்தச் சத்தத்தை லேப்டாப்பில் குறித்துக்கொண்டு, மெஷினில் அதை மட்டும் ஏற்றிக் கொடுப்பார். பகல் முழுக்க மற்றவர்கள் காதோடு ரகசியம் பேசுவதுபோல வாழ்ந்த மனிதருக்குக் குரலை உயர்த்தவே வராது.

உயர்த்துகிற வேலையெல்லாம் அவருடைய அக்காவுக்கு. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனி பிரேக் உண்டு. கையில் ஒரு மரஸ்கேல் உண்டு. கியர் கரகரவென்று அலறினால் கியரைப் பிடித்த விரலில் ஸ்கேல் விழும். அக்காவிடம் படித்தவர்கள் யாரும் பரீட்சையில் தோற்றதில்லை. ஆனால் கியரின் அலறல் அக்காவுக்குக் கேட்க வேண்டுமே. சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் போனவள் அவள். தம்பி பொருத்திக்கொடுத்த மெஷின் வழியாகத்தான் உலகம் அவளுக்குள் வந்துகொண்டிருந்தது.

அந்த மெஷின் துணி ஊறவைத்த வாளியில் விழுந்து செத்துப்போனது. புது மெஷின் வாங்கியாயிற்று. ஆனால் புது மெஷின் வெற்றுப் பாத்திரம். அக்காவின் காதுக்கு எது எவ்வளவு வேண்டும் என்ற கணக்கெல்லாம் பழைய லேப்டாப்பில் இருந்தது. வருஷக்கணக்காக, அக்காவின் திட்டையும் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய கணக்கு. வேறு லேப்டாப்பில் அது திறக்காது. கேபிளை மாட்டி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

மாட்டினார். திரையில் வாசகம் வந்தது: 'உங்கள் இயங்குதளம் பழையது. இந்தச் செயலி இனி இதில் ஓடாது.' சரி, புது இயங்குதளத்துக்கு மாறுவோம் என்று அதற்குரிய பொத்தானை அமுக்கினார். 'இந்தச் சாதனம் வயதானது. வயதான சாதனங்களை வீட்டில் மேம்படுத்துவது குற்றம். ஆணையத்துக்கு நேரில் வரவும்.'

இதற்கிடையில் காது இல்லாமலே பாடம் நடத்தப்போன அக்கா, பின்னால் வந்த வேனின் ஹாரன் கேட்காமல் மாணவனைத் திரும்பச் சொல்லி, காரின் ஒரு பக்கக் கதவைத் தொலைத்துவிட்டு வந்தாள். பயிற்சிப் பள்ளி முதலாளி நேரில் வந்து, அக்காவின் முகத்துக்கு நேரே வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து சொன்னார்: "டீச்சரம்மா, காதோட வாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆள் பாத்துக்குவேன்."

அக்காவுக்கு அந்தக் காரை விட்டால் வேறு எதுவும் இல்லை. கல்யாணத்தைக்கூட, மாப்பிள்ளை கியர் மாற்றிய அழகைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவள் அவள். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவைக் காதுக்காரரால் பார்க்க முடியவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆணையத்தின் கூடம் விசாலமானது. நாற்காலிகளைத் தரையோடு பற்றவைத்திருந்தார்கள். முன்பு அவை தூக்கக்கூடியவையாக இருந்தனவாம், பொதுமக்கள் தூக்கினார்களாம். கூரையிலிருந்து ஒரு இனிமையான குரல், 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. காதுக்காரருக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்காரம்மா ஒருவர், ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டு, மறு கையால் தன் லேப்டாப்பை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா?" என்றார்.

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பல்லெல்லாம் இருக்கே."

காதுக்காரர் மரியாதைக்குச் சிரித்தார். சுற்றிலும் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கட்டுப்போட்ட தலைகள், வீங்கிய உதடுகள், ஒற்றைக் கண் மட்டும் திறந்திருந்த ஒரு தபால்காரர். எல்லோர் மடியிலும் ஒரு லேப்டாப் இருந்தது.

முதல் சன்னல் வயதுச் சரிபார்ப்பு. அங்கே ஒல்லியான ஓர் அதிகாரி, மேசையில் மரச்சுத்தி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டைப் பிரித்து லேப்டாப்பைப் புரட்டினார். விளக்கில் காட்டினார். முகர்ந்தார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒன்பது வருஷம் சார்."

"கீறல் இல்ல. நசுங்கல் இல்ல. மூடி பளபளன்னு இருக்கு. ஒன்பது வருஷம் உழைச்ச பொருள்னா அடிபட்டிருக்கணுமே. அடிபடலைன்னா உழைக்கல. உழைக்காததுக்கு எப்படி சார் வயசாகும்?"

"பத்திரமா வச்சிருந்தேன் சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன். நீங்க பத்திரமா வச்சிருந்ததுக்கு நான் எப்படி வயசுன்னு எழுத முடியும்? அது பதுக்கல்."

"வாங்கின ரசீது இருக்கு சார்."

அதிகாரி அடிபட்டவர்போலப் பின்னால் சாய்ந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரசீதைப் பாத்துத்தான் வயசு போட்டோம். என்ன ஆச்சு? ஆளாளுக்கு ரசீது கொண்டுவர ஆரம்பிச்சிட்டாங்க. எல்லார்கிட்டயும் இருக்கிறதை எப்படி நம்பறது? சுத்தி பொய் சொல்லாது சார்."

சொல்லிவிட்டுச் சுத்தியை எடுத்து மூடியின் மேல் ஓங்கி ஒன்று போட்டார். பிறகு மூலையில் ஒன்று. பிளாஸ்டிக் சில்லு ஒன்று தெறித்துக் காதுக்காரரின் புருவத்தைக் கிழித்தது. அதிகாரி லேப்டாப்பைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து முதன்முறையாகப் புன்னகைத்தார். "இப்ப பாருங்க. ஒன்பது வருஷம். கச்சிதம்."

லேப்டாப் இன்னும் ஓடியது. காதுக்காரர் புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார். நன்றி சொல்லிப் பழகிய வாய் அது.

இரண்டாவது, உரிமைச் சரிபார்ப்பு. தரை முழுக்க மெத்தை விரித்த அறை. உள்ளே இரண்டு பேர் கையைச் சொடுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பெரிய சரிபார்ப்பாளர், மற்றவர் சின்னச் சரிபார்ப்பாளர். இருவருக்கும் கழுத்து கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. ஆணையத்தின் சித்தாந்தம் எளிமையானது: ஒரு பொருளைப் பிடுங்கினால், திருடியவன் விட்டுவிடுவான், சொந்தக்காரன் விட மாட்டான். ஆகவே பிடுங்கிப் பார்ப்பார்கள். எத்தனை அடிக்கு விடாமல் பிடித்திருக்கிறாரோ அத்தனைக்கு அவர் சொந்தக்காரர்.

இதை யாரும் காதுக்காரரிடம் சொல்லவில்லை. சின்னவர் முறைத்துக்கொண்டு வந்து, "கொடு அதை!" என்று உறுமினார்.

"இந்தாங்க" என்று காதுக்காரர் இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

சின்னவருக்குக் கையில் இருக்கிறதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவருடைய பணிக்காலத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை. பெரியவருக்கு முகமே வாடிவிட்டது.

"ஏன் கொடுத்தீங்க?"

"ஐயா கேட்டாரே."

"கேட்டா கொடுத்துடுவீங்களா? சொந்தக்காரன் கொடுப்பானா?"

"பாக்கணும்னு கேக்கறார்னு..."

"இது உங்களோடது இல்ல. எடுத்திருக்கீங்க" என்றார் பெரியவர் வருத்தத்தோடு. திருடர்களுக்குச் சரிபார்ப்பு தனி. அது வயிற்றில் நடக்கும். காதுக்காரர் மெத்தையில் சுருண்டு கிடந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் லேப்டாப்பை அவர் மார்பின் மேல் வைத்தார். "இதோட உண்மையான சொந்தக்காரர் வர்ற வரைக்கும் நீங்களே பத்திரமா வச்சிருங்க. ஆட்சேபம் இருந்தா மறுபடி வந்து தெரிவிக்கலாம்."

வீட்டுக்கு வந்து, ஆணையத்தில் நடந்ததையெல்லாம் போனில் தட்டி அக்காவிடம் காட்டினார். படித்துவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் கீழே டயர்க் கடையில் வேலை நின்றது. பிறகு அவர் புருவத்தைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எந்திரிடா," என்றாள். "அந்தத் தலையணையைப் பிடி."

அன்று அக்கா நடத்திய பாடத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் நடத்த மாட்டார்கள். காதுக்காரர் தலையணையை அணைத்துக்கொள்ள, அக்கா அதைப் பிடுங்கினாள். அவர் விட்டார். ஸ்கேல் விழுந்தது. மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார், மறுபடி விழுந்தது.

"விரலை விடாத! முழங்கையை உள்ள இழு! ஐயோ, என்னடா கிளட்ச்ல காலை வச்சிக்கிட்டுத் தூங்கறவன் மாதிரி! இறுக்கு!"

அக்காவுக்கு அவர் வலியில் கத்துவது கேட்கவில்லை. ஆகவே பாடம் தடையின்றி நடந்தது. அலமாரிக் கண்ணாடி உடைந்தது. தலையணை கிழிந்து வீடெல்லாம் பஞ்சு பறந்தது. கடைசியில் அக்கா அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது, காதுக்காரர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு மனிதப் பிறவியை உதைத்தார். முழங்காலுக்குக் கீழே, எலும்பில். அக்கா நொண்டிக்கொண்டே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில் பாதி, பெருமையில் பாதி.

"இப்பதான்டா எனக்குத் தம்பியாப் பிறந்திருக்க" என்றாள்.

இரண்டாவது முறை போனபோது கூடத்தில் டோக்கன் மெஷின் ஒரே எண்ணை இரண்டு பேருக்கு அச்சடித்துவிட்டது. ஒரே எண் வந்தால் சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எண் மருந்துக்கடைக்காரம்மாவுக்கும் தபால்காரருக்கும் வந்திருந்தது. மருந்துக்கடைக்காரம்மா சார்ஜர் வயரைச் சுழற்றி அதன் கட்டையைத் தபால்காரரின் மீதியிருந்த கண்ணில் இறக்கினார். தபால்காரர் குருட்டாம்போக்கில் வீசிய குத்து சம்பந்தமில்லாத ஒரு சமையற்காரர் மூக்கில் பட்டது. சமையற்காரர் தனக்குப் பின்னால் நின்ற பேராசிரியரைத் திருப்பிக் குத்தினார், கைக்கு எட்டியவர் அவர்தான். அதன் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மூட்டுகள் மளுக்கென்று சத்தமிட்டன. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றது கூரை.

சத்தம் கேட்டு மாடி முகப்பில் ஆணையர் வந்து நின்றார். சிவந்த, உருண்டையான, வழுவழுப்பான மனிதர். கலவரத்தைக் கனிவோடு பார்த்துவிட்டு ஒலிவாங்கியைத் தட்டினார்.

"அன்பு நெஞ்சங்களே! ஒரு காலத்தில் நம் மக்கள் தங்கள் சாதனங்களைச் சோபாவில் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று பாருங்கள், உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பற்றை உண்டாக்கியது யார்? நாம். புகார்கள் வருகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். புகார் எழுதக் கை வேண்டும். கை இருக்கிறதென்றால் சேவை இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்றுதானே அர்த்தம்? நானும் உங்களைப் போல உழைப்பாளிதான். முப்பது ஆண்டுச் சேவையில் என் மேல் ஒரு கீறல் கிடையாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள்.

மெத்தை அறையில் காதுக்காரர் இந்தத் தடவை கொடுக்கவில்லை. சின்னவர் இழுத்தார், பெரியவர் விலாவில் குத்தினார். அவர் முழங்கையை உள்ளே இழுத்தார். தலையைச் சுவரில் மோதினார்கள், விரலை இறுக்கினார். ஒரு பல் மெத்தையில் விழுந்து துள்ளியது. அவர் கண்ணுக்குள் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் மணிக்கட்டு வாய்க்கு நேரே வந்தபோது, இருந்த பற்களை எல்லாம் அதில் வைத்துக் கடித்தார்.

"ஆ! உரிமையாளர்! உரிமையாளர்!" என்று பெரியவர் அலறினார். சின்னவர் ஓடிவந்து லேப்டாப் மூடியில் முத்திரை குத்தினார். பிறகு இருவரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். "நல்லா முன்னேறியிருக்கீங்க சார்" என்றார் பெரியவர், கையை உதறியபடி. அவருக்கு உள்ளபடியே சந்தோஷம்.

மூன்றாவது, ஒப்புதல் சரிபார்ப்பு. அந்த அதிகாரி மெதுவாகப் பேசுகிறவர். கைக்குக் களிம்பு தடவிக்கொண்டே காதுக்காரரை உட்காரச் சொன்னார்.

"பாருங்க சார், இந்த விதிமுறைகளை இதுவரைக்கும் ஒரு மனுஷன் படிச்சது கிடையாது. எல்லாரும் கீழ வரைக்கும் தள்ளிட்டு 'சம்மதம்'னு அமுக்கிட்டுப் போறாங்க. ராத்திரி பகலா எழுதினவங்க மனசு என்ன பாடுபடும்? அதனால ஒவ்வொரு விதியும் உங்களுக்கு நல்லாப் பதியற மாதிரி பண்றோம். உரிமைன்னா வலது கன்னம், கடமைன்னா இடது கன்னம். உரிமை ரெண்டுதான், பயப்படாதீங்க."

முதல் விதியை வாசித்தார். பளார் என்று ஒன்று விட்டார். "பதிஞ்சுதா?"

"பதிஞ்சுது சார்."

கடமைகள் நிறைய இருந்தன. சாதனத்தை அணைக்கும்முன் தெரிவிக்கும் கடமை. அணைத்தபின் தெரிவிக்கும் கடமை. எது கேட்டாலும் அனுமதிக்கும் கடமை. அதிகாரியின் கை களிம்பில் மிருதுவாக இருந்ததால் சத்தம் அதிகம், தடம் குறைவு. இடது காதுக்குள் ஒரு விசில் கிளம்பி நிற்காமல் ஊதியது. காதுக்காரர் தொழில்காரராக அந்த விசிலைக் கவனித்தார். உயர்ந்த சுருதி. நல்லதல்ல.

"கடைசி ஒண்ணு" என்று அதிகாரி எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். "பொறுப்புத் துறப்பு. 'இந்தச் சேவையின்போது உங்களுக்கு ஏற்படும் எந்த இழப்புக்கும் ஆணையம் பொறுப்பல்ல.' இது உரிமையும் இல்ல, கடமையும் இல்ல, பொதுவானது. அதனால ரெண்டு பக்கமும் சேர்த்து."

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் அறைந்தார்.

உள்ளே ஏதோ கிழிந்தது. வெதுவெதுப்பாகக் கழுத்தில் இறங்கியது. அதிகாரி முன்னால் வந்து குனிந்து உதட்டை அசைத்தார். 'பதிஞ்சுதா?' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். காதுக்காரர் தலையாட்டினார்.

கடைசி அறையில் ஒரு பெண் லேப்டாப்பை வாங்கி ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வட்டம் நின்றது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாள். இவ்வளவுதான் மேம்பாடு. இதற்காகத்தான் இவ்வளவும். வெளியே போகும் வழியில் 'சேவை எப்படி?' என்று கேட்கும் பெட்டி இருந்தது. அதில் இருந்த முகங்கள் எல்லாம் சிரித்தன. எந்தச் சிரிப்பு என்று யோசிக்க அவகாசம் கொடுக்காமல் காவலாளி அவர் விரலைப் பிடித்து அமுக்கிவிட்டார்.

வீட்டில் கேபிளை மாட்டினார். செயலி திறந்தது. அக்காவின் கணக்கெல்லாம் பத்திரமாக இருந்தது. ஏற்றி, மெஷினை அக்காவின் காதில் வைத்தார். அக்காவின் முகம் மெல்ல விரிந்தது. ஃபேன் சத்தத்தைக் கேட்டாள், தண்ணீர்க் குழாய் சொட்டுவதைக் கேட்டாள், கீழே டயரில் காற்று ஏறுவதைக் கேட்டாள். ஜன்னல் பக்கம் போய் நின்று ஏதோ ஒரு வண்டியின் கியரைத் திட்டினாள். பிறகு திரும்பித் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"டேய்!" என்றாள். ஊரே திரும்புகிற 'டேய்'. அவர் கேபிளைச் சுருட்டி முடித்து ரப்பர் பேண்ட் போட்டார்.

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பஞ்சுக் கூண்டில் உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டினாள். எத்தனையோ தடவை அவளுக்கு அவர் செய்த வேலைதான். குமிழைத் திருகி 'பீப்' விட்டாள். அவர் கை எழவில்லை. கூட்டினாள். எழவில்லை. குமிழ் அதற்கு மேல் திரும்பாது என்கிற இடம் வரைக்கும் திருகினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுக்காரர் ஒரு நல்ல நோயாளியைப்போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா குமிழிலேயே முகத்தை வைத்து அழுதாள்.

பரவாயில்லை, இன்னொரு மெஷின் இருக்கிறது, நானே எனக்குப் பொருத்திக்கொள்கிறேன் என்று காதுக்காரர் சைகை காட்டினார். செயலியில் புதுக் கணக்கைத் திறக்கும் பொத்தானை அமுக்கினார். திரையில் வாசகம் வந்தது: 'உங்கள் இயங்குதளம் பழையது. இன்று காலை புதியது வெளியாகியுள்ளது. ஆணையத்துக்கு நேரில் வரவும்.'

அக்கா அதைக் குனிந்து படித்தாள். கண்ணைத் துடைத்தாள். ஸ்கேலை எடுத்தாள். கார் சாவியை எடுத்தாள். காதுக்காரர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு பக்கமும் உண்டு. ஆணையத்தின் வாசலை நெருங்கியபோது இருவருமே மிதிக்கவில்லை. 'யாரும் தாக்கப்படுவதில்லை' பலகை முறிந்து பானெட்டின் மேல் விழுந்தது. அதையும் சுமந்துகொண்டு கார் கண்ணாடிக் கதவைப் பிளந்து கூடத்துக்குள் நுழைந்து, டோக்கன் மெஷினை நசுக்கிவிட்டு நின்றது. மருந்துக்கடைக்காரம்மா மரியாதையாக எழுந்து வழிவிட்டார்.

ஆணையர் படியிறங்கி ஓடிவந்தார். அக்கா கதவைத் திறந்து இறங்கினாள்.

"என் தம்பியை அடிச்சது யாரு?"

"அம்மா, இங்கே யாரையும் அடிக்கறதே கிடையாது. எங்க நடைமுறை..."

அக்கா அவர் கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

சரிபார்ப்பாளர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஒருவர் ஒன்றைப் பிடித்திருந்தால் அதைப் பிடுங்க வேண்டும். சின்னவர் ஆணையரின் கால்களைப் பிடித்து இழுத்தார். பெரியவர் அக்காவின் விலாவில் குத்தினார். அக்கா முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஸ்கேல் பெரியவரின் விரல் முட்டிகளில் சொத்துச் சொத்தென்று இறங்கியது. அக்காவின் உதடு கிழிந்தது. ஆணையரின் சட்டை கிழிந்தது. "விடச் சொல்லுங்க! விடச் சொல்லுங்க!" என்று ஆணையர் கத்தினார். காதுக்காரருக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் இப்போது கேட்டதைக் கொடுக்கிற மனிதர் இல்லை. அக்காவின் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு சின்னவரின் முகத்தில் உதைத்தார். கூடம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

கடைசியில் பெரியவர் மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்தார். நேர்மையான ஊழியர். கண்ணால் கண்டதை மறைக்கத் தெரியாதவர்.

"உரிமையாளர்" என்றார் அக்காவைக் காட்டி. சின்னவர் ரத்தம் ஒழுகும் மூக்கோடு எழுந்து வந்து ஆணையரின் நெற்றியில் முத்திரை குத்தினார்.

"முட்டாள்களா! நான் பொருள் இல்லடா! ஆணையர்!"

"பொருளா இல்லையான்னு சொல்றது எங்க வேலை இல்லைங்க ஐயா" என்றார் பெரியவர் பணிவாக. "விடலைன்னா சொந்தம். நீங்க எழுதினதுதான்."

முத்திரை விழுந்தது எதுவானாலும் வயதுச் சன்னலைத் தாண்டியிருக்க வேண்டும்; ஆணையர் தாண்டியிருக்கவில்லை. இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் ஆணையரை மேசையில் கிடத்தினார்கள். ஒல்லி அதிகாரி எழுந்து வணக்கம் வைத்துவிட்டு, அவரை இப்படியும் அப்படியும் புரட்டினார். விளக்கில் காட்டினார். முகர்ந்தார்.

"எத்தனை வருஷம்?" என்று உரிமையாளரைக் கேட்டார்.

"முப்பதுன்னு அவரே மைக்ல சொன்னாரு" என்றார் மருந்துக்கடைக்காரம்மா, கூட்டத்திலிருந்து.

"முப்பது வருஷமா?" அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். "கீறல் இல்ல. நசுங்கல் இல்ல."

"வேணாம்யா!" என்றார் ஆணையர். "ரசீது இருக்கு! பணி நியமன உத்தரவு இருக்கு!"

"அது எல்லார்கிட்டயும் இருக்கும் சார்" என்று அதிகாரி மரச்சுத்தியை எடுத்தார்.

அடுத்த சன்னலில் ஒப்புதல் அதிகாரி கைக்குக் களிம்பு தடவ ஆரம்பித்தார். கடைசி அறைப் பெண் நகத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு வந்து, யாரும் கேட்காமலே காரிலிருந்த லேப்டாப்பை எடுத்துப் பொத்தானை அமுக்கிக் காதுக்காரர் கையில் கொடுத்தாள். வட்டம் சுற்றியது. காதுக்காரர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, தலையைச் சாய்த்து, 'என்ன நடக்குது அங்கே?' என்று அக்காவிடம் சைகையில் கேட்டார்.

சுத்தி உயர்ந்தது. அக்கா, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, காது மெஷினின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.